தொம்மலூர் முனையில் தமட்டே

எனக்கும் ஓட்டத்துக்கும் ஏழாம் பொருத்தம். பஸ் கிளம்பினால்கூட ஓடிப் பிடிக்காமல் அடுத்த பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் மாரத்தான் ஓடச் சம்மதித்ததற்கு ஒரே காரணம் என் பெண். ஒன்பது வயது, ஆட்டிசம், பேச்சு வராது. அவள் போகிற பயிற்சி மையம் வாடகைக்கு வழியில்லாமல் மூடுகிற நிலையில் இருந்தது. நான் முழுத் தூரமும் ஓடி முடித்தால் மையத்துக்குப் பணம் தருவதாக எங்கள் ஆபீஸில் சொன்னார்கள். பாதியில் நின்றால் கிடையாதாம். இந்த நிபந்தனையை யோசித்த புண்ணியவானை ஒருநாள் என் ஷூவைப் போட்டுக்கொண்டு ஓடச் சொல்ல வேண்டும்.

ஓட்டம் தொம்மலூர் வழியாகப் போகும். மையத்துப் பிள்ளைகளும் அம்மாக்களும் அங்கே முனையில் நின்று கலர் ரிப்பன் ஆட்டுவதாக ஏற்பாடு. பிள்ளைகளுக்குச் சத்தம் ஆகாது என்பதால் ரிப்பன் மட்டும். என் மனைவி பெண்ணை அங்கே கூட்டி வருவதாகச் சொல்லியிருந்தாள்.

முக்கால்வாசி தூரம் தாண்டி, கால் என்னுடையதா என்றே தெரியாமல் வந்துகொண்டிருந்தேன். மேம்பாலத்தில் ஏறும்போது அந்தச் சத்தம் கேட்டது. தமட்டே. பிள்ளையார் ஊர்வலத்தில் நெஞ்சு அதிர அடிப்பார்களே, அதே மேளம். பிள்ளைகளை உற்சாகப்படுத்த அந்தத் தெரு இளைஞர் சங்கத்தார் சொல்லாமல் கொள்ளாமல் மேளக்காரர்களைக் கூட்டி வந்திருக்கிறார்கள். இந்த ஊரில் சந்தோஷம் என்றால் தமட்டே வேண்டும், அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து வீட்டு மிக்ஸி ஓடினாலே என் பெண் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள்.

வேகமாக ஓடலாம் என்றால் கால் கேட்டால்தானே. நடக்கிற ஒரு பெரியவர் என்னைத் தாண்டிப் போனார்.

முனைக்கு வந்ததும் மேளக்காரர்களைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினேன். "நில்லிசி! நில்லிசி!" என்று கன்னடத்தில் கத்தினேன், "நிறுத்துங்கப்பா" என்று தமிழிலும் கத்தினேன். எதுவும் அவர்கள் காதில் விழவில்லை. ஆட்டம் போடுகிறேன் என்று நினைத்து, சிரித்துக்கொண்டே என் முகத்துக்கு நேராக வந்து இன்னும் ஓங்கி அடித்தார்கள். கடைசியில் கூட்டத்தில் ஒருவர் முன்னால் நின்ற மேளக்காரரின் குச்சியைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் நின்றது. விஷயம் புரிந்ததும் அந்த மேளக்காரர் வெலவெலத்துப்போய்க் கும்பிட்டார்.

என் பெண் ஒரு டெம்போவுக்குப் பின்னால் தரையில் கிடந்தாள். காதைப் பொத்திக்கொண்டு அலறினாள். மணிக்கட்டைக் கடித்து வைத்திருந்தாள், ரத்தம் தெரிந்தது. மேளம் நின்றது அவளுக்குத் தெரியவே இல்லை. ஆரம்பித்துவிட்டால் அது தானாக ஓய்ந்தால்தான் உண்டு. பக்கத்தில் உட்கார்ந்தேன். என் வியர்வை நாற்றமும் முட்டிக்கு அடித்திருந்த மருந்தின் நெடியும் பட்டதும் காலால் உதைத்துத் தள்ளினாள். பெற்ற அப்பனைத் தொடவிடவில்லை. அவள் மேல் கோபமில்லை, வலித்தது.

"நீங்க போங்க" என்றாள் மனைவி.

"இவள இப்படி உட்டுட்டா?"

"இருந்து என்ன பண்ணப் போறீங்க? கிட்ட வந்தாலே உதைக்கிறா. நீங்க நின்னுட்டா சென்டரும் போயிடும். அப்புறம் இவள எங்க கூட்டினு போறது? போங்க."

அவள் சொன்னதில் தப்பில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்தேன். தண்ணீர் கொடுக்க நின்ற காலேஜ் பெண் ஒருத்தி, "நிக்காதீங்க சார், இந்தப் பசங்களுக்காகத்தானே ஓடுறீங்க" என்றாள். அவள் தலையிலேயே அந்தத் தண்ணீரைக் கொட்டலாம் போல இருந்தது. வாங்கிக் குடித்துவிட்டு ஓடினேன்.

அழுகை முட்டிக்கொண்டு வந்தது, கண்ணைத் துடைக்கவில்லை. அழுதபடி ஓடுகிறவனைப் பார்த்து ரோட்டோரத்து ஜனங்கள் உருகிப்போய், தெருவே அதிரும்படி கைதட்டினார்கள். டெம்போ இன்னும் ரொம்ப தூரத்தில் இல்லை. அவர்கள் தட்டத் தட்ட அவள் அலறல் கூடுவது எனக்குக் கேட்டது.