செருப்போடு ஒரு பெரிய வியாழன்

போன வருடம் பெரிய வெள்ளியன்று (புனித வெள்ளி) சிலுவைப்பாதை ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்தேன். தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் நுழைந்தபோது, பின்னால் வந்த என் கணவர் அருளப்பன், "யாருக்குக் கால்ல அடிபட்டிருக்கு? தரையெல்லாம் ரத்தம்" என்றார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அவர் தன் காலைத் தூக்கிப் பார்த்தார். நானும் அவருடைய காலைத்தான் பார்த்தேன்.

கண்ணாடிச் சில்லு ஏறியிருந்தது என் வலது உள்ளங்காலில். எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

ராயப்பன்பட்டியில் தவக்காலத்தில் (ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்கள்) ஆளாளுக்கு ஒன்றை விடுவார்கள். சிலர் கறியை, சிலர் டீயை. நான் பாவாடை கட்டிய வயதிலிருந்து செருப்பை விடுகிறவள். சர்க்கரை வந்த பிறகும் அதை நிறுத்தவில்லை. மாத்திரையை மறந்தாலும் நேர்த்தியை மறக்கமாட்டேன், அப்படி ஒரு பக்தி. போன வருடம் பங்குனி வெயிலில் தார் ரோடு எனக்குச் சுடவே இல்லை. ஆண்டவர் கிருபை என்று கூட நடந்த பெண்களிடம் பெருமையடித்துக்கொண்டு வந்தேன்.

புண் சீழ் பிடித்துத் தேனி ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரிடமும் இதைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "சூடு தெரியலைன்னா நரம்பு போயிருச்சுன்னு அர்த்தம்மா. அன்னைக்கே நீங்க வந்திருக்கணும்" என்றார்.

அதற்குப் பெயர் டயபெடிக் நியூரோபதி (சர்க்கரையால் கால் நரம்புகள் கெட்டு உணர்ச்சி மங்குவது). டிப்ரைட்மென்ட் (செத்த சதையை வெட்டிச் சுத்தம் செய்வது) செய்து பார்த்தார்கள். அதற்குள் சீழ் விரல்களுக்குப் போயிருந்தது. இரண்டு விரல்களை எடுத்துவிட்டுத்தான் காலைக் காப்பாற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் கறாராகச் சொன்னார்.

"இனிமே வெறுங்கால்ல ஒரு அடி வைக்கக்கூடாது. வீட்டுக்குள்ளயும்தான்."

"கோயிலுக்குள்ள, டாக்டர்?"

"கோயில்லயும் தரைதானேம்மா இருக்கு."

எம்.சி.ஆர். செருப்பு (உணர்ச்சியற்ற கால்களுக்கான மெத்தென்ற ரப்பர் செருப்பு) கொடுத்தார்கள். கருப்பாக, ஒட்டுப் பட்டை வைத்து, பார்க்கவே அழுமூஞ்சியாக இருக்கும். எங்கள் கோயிலுக்குள் யாரும் செருப்போடு போவதில்லை. அப்படியொரு சட்டமில்லை, ஆனால் போவதில்லை. அதனால் இந்த ஒரு வருடமும் வேப்ப மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத்தான் பூசை கண்டேன். ஸ்பீக்கரில் எல்லாம் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் வெளியே உட்கார்ந்தவள் வெளியே உட்கார்ந்தவள்தான். சில ஞாயிறுகளில் அழுதிருக்கிறேன்.

இந்த வருடம் புனித வாரம் வந்தது. புண் ஆறியிருந்தது, ஆனாலும் அதிகம் நடக்கக்கூடாது. சிலுவைப்பாதை கிடையாது. நடக்காமல் இந்த வாரத்தை எப்படிக் கழிப்பது என்று எனக்குத் தெரியவே இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு திருவிழா வாரம் வரலாம், அதனால் சொல்கிறேன்: முதல் இரண்டு நாள் எரிச்சலாகத்தான் இருக்கும். வீட்டில் இருப்பவர்கள் மேல் விழுந்து பிடுங்குவீர்கள். பிறகு மெல்ல அடங்கும்.

அடங்கிய பிறகு நான் செய்ததெல்லாம் நினைத்துப் பார்த்ததுதான். எதை நினைத்தாலும் அது உள்ளங்கால் வழியாகவே வந்தது. நிழலுக்கு நிழல் துள்ளி ஓடிய ரோடு. வாய்க்கால் ஓரத்துக் குளிர்ந்த களிமண். பெரிய வெள்ளியன்று மதியம் கஞ்சி வாங்க வரிசையில் நிற்கும்போது காலை மாற்றி மாற்றி வைத்த சுடுமணல். அங்கிருந்து கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததும் தரையிலிருந்து முழங்கால் வரை ஏறும் அந்தச் சில்லிப்பு. ஜெபங்கள் பாதி மறந்துவிட்டன, அந்தச் சில்லிப்பு மறக்கவில்லை. இனி அது எனக்குக் கிடையாது என்பதும் அந்த வாரம்தான் உறைத்தது.

புதன்கிழமை அருளப்பன் குண்டைத் தூக்கிப் போட்டார். பெரிய வியாழன் பூசையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததைப் போல, பங்குச் சாமியார் பன்னிரண்டு பேருடைய பாதங்களைக் கழுவுவார். அந்தப் பன்னிரண்டில் என் பெயரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"மூணு விரல வச்சுக்கிட்டு அங்கன போயி உக்காரவா? கோயிலுக்குள்ள எப்படிப் போவேன்?"

"செருப்போடதான்."

"ஊர்ல என்ன சொல்லுவாக?"

"ஃபாதர்கிட்ட கேட்டுட்டேன். செருப்போடயே வரச் சொல்லிட்டாக. நீ ஒரு வருசமா மரத்தடியில உக்காந்தது போதும் மேரி. எனக்குப் பாக்க முடியல."

வியாழன் காலையில் அவர் என் செருப்புகளைச் சோப்புப் போட்டு, பழைய பிரஷ்ஷால் அடிப்பக்கம் வரை தேய்த்து, நிழலில் காயவைத்தார். நான் காலைத் தேய்த்துக் கழுவினேன். பாதம் கழுவப்படப் போகிற எல்லோரும் வீட்டில் ஒருமுறை கழுவிவிட்டுத்தான் வருவார்கள், எங்கள் ஊர்க் கௌரவம் அது.

வாசற்படியில் ஒரு அம்மாள் என் செருப்பைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார், ஒதுங்கி வழிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. இதற்கா ஒரு வருடம் பயந்தேன்?

வரிசையில் உட்கார்ந்து, இடது செருப்பை மட்டும் கழற்றி நல்ல காலைத் தயாராக வைத்திருந்தேன். சாமியார் முன்னால் முழங்காலிட்டார். மற்றவர்கள் எல்லோரும் வலது காலைத்தான் நீட்டியிருந்தார்கள். அவர் என் வலது பக்கம் கையை நீட்டிக் காத்திருந்தார். பட்டையைப் பிரித்தேன். அந்த அமைதியில் அது சர்ரென்று கேட்டது.

கணுக்காலுக்கு மேல் தண்ணீர் விழுந்தபோது சில்லென்று இருந்தது. கீழே இறங்கியதும் அந்தச் சில்லிப்பு காணாமல் போனது. தண்ணீர் மட்டும் என் பாதத்தின் மேல் ஓடிக்கொண்டிருந்தது, வேறு யாருடைய பாதத்தின் மேலோ ஓடுவதைப் போல. சாமியார் துண்டால் ஒற்றி, விரல் இல்லாத இடத்தில் முத்தமிட்டார். அதுவும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அருளப்பன் வழக்கம்போல் மொபைல் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல், சாயங்காலம் என் காலைக் கழுவித் துடைத்து, புதுப் புண் இருக்கிறதா என்று பார்ப்பவர் அவர்தான்.

"காலை நீட்டு."

"இன்னைக்குமா? ஃபாதரே கழுவிட்டாக."

"கழுவினாக, சரி. விரலிடுக்குல ஈரத்த விட்டுட்டாகல்ல? புண்ணு வந்தா அவுகளா பாப்பாக?"

பழைய வேட்டித் துணியைச் சுருட்டி, இருக்கிற மூன்று விரல்களின் இடுக்குகளை ஒவ்வொன்றாகத் துடைக்க ஆரம்பித்தார்.

பெரிய வியாழன் வருடத்துக்கு ஒருமுறை வருவது என்று இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். அவர் துடைப்பது என் காலுக்குத் தெரியவில்லை. அதனால் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.