பத்தாம் வகுப்பில் ஏ, பி, சி

1. கேள்வியே பதில்

செம்மங்குப்பத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. ஜூன் மாதம் அங்கே ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். வீடு சிதம்பரத்தில், தினமும் பஸ். பத்தாம் வகுப்புக்கு முதல் யூனிட் டெஸ்ட் வைத்துப் பேப்பர் திருத்தியபோது ஒரு விடைத்தாள் மட்டும் அச்சடித்தது போல இருந்தது. ஓர் அடித்தல் கிடையாது. படித்துப் பார்த்தால், கேள்வித்தாளையே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பார்த்து எழுதியிருந்தது. நேரம், மொத்த மதிப்பெண் எல்லாம் உட்பட. பதில் ஒன்றுகூட இல்லை.

எழுதியவள் கோமதி. ஸ்டாஃப் ரூமுக்கு அழைத்து, முதல் பாடத்தில் ஒரு பத்தியைப் படிக்கச் சொன்னேன். மடமடவென்று சொன்னாள். நடத்தாத ஒரு பாடத்தைத் திருப்பி, “இதப் படி” என்றேன். வாயே திறக்கவில்லை. முதலில் சொன்னது மனப்பாடம்.

“எப்படிம்மா பத்தாவது வரைக்கும் வந்த?”

“கிளாஸ்ல எல்லாரும் சேந்து படிப்போம் மிஸ். நானும் கூடவே சொல்லிடுவேன். தனியா யாரும் படிக்கச் சொன்னதில்ல.”

2. டி.சி.

காலாண்டுத் தேர்விலும் அதே கதை. தலைமையாசிரியர் என்னையும் கோமதியின் அப்பாவையும் வரச் சொன்னார். அவர் கெட்டவரில்லை. ஒவ்வொரு மீட்டிங்கிலும் ரிசல்ட்டுக்காகத் திட்டு வாங்கிக்கொண்டு வருகிறவர்.

“இந்தப் பொண்ணால நம்ம ரிசல்ட் அடிவாங்கும் டீச்சர். டி.சி. வாங்கிக்கிட்டு அடுத்த வருஷம் பிரைவேட்டா எழுதட்டும். அவளுக்கும் அதான் நல்லது.”

கோமதியின் அப்பா ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவர். கையெழுத்துப் போடத் தயாராகவே வந்திருந்தார்.

“வராத படிப்ப ஏன் சார் புடிச்சு இழுக்கணும்? எங்க மச்சான் கடலூர்ல துணிக்கடையில இருக்காரு. சேத்து வுடறேன்னு சொல்றாரு.”

கோமதி கதவோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவளைத் தவிர மற்ற எல்லோரும் பேசிவிட்டோம்.

“உனக்கு என்னம்மா வேணும்?” என்று கேட்டேன்.

“ஸ்கூலுக்கு வரணும் மிஸ்.”

“அனுப்ப வேணாம் சார். இங்கிலீஷுக்கு நான் பொறுப்பு.”

“ஃபெயிலாயிட்டா?”

“எனக்கு மெமோ குடுங்க. வாங்கிக்கிறேன்.”

என் குரல் உயர்ந்துவிட்டது எனக்கே தெரிந்தது. தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “சரி, பாருங்க” என்றார்.

3. பம்பரம்

தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவளோடு உட்கார்ந்தேன். “மெமரி போயமும் லெட்டரும் உருப்போட வைங்க டீச்சர், பாஸ் மார்க் வந்துடும்” என்றார்கள் கூட வேலை பார்த்தவர்கள். அதையும் செய்தேன். ஆனால் அதற்கு முன்னால் ஏ, பி, சி. பெயர்கள் அவளுக்குத் தெரியும், ஓசைகள் தெரியாது.

பஸ், பேங்க், டிக்கெட், பில், பெட் என்று அவள் வீட்டில் புழங்கும் வார்த்தைகளிலிருந்து தொடங்கினேன். காதுக்குப் பழக்கமான வார்த்தைகள்தான். கண்ணுக்குத்தான் பழக்கமில்லை. வேகமாகப் பிடித்துக்கொண்டாள். ‘கட்’ என்ற சொல்லையும் ‘புட்’ என்ற சொல்லையும் அடுத்தடுத்து எழுதியபோது மாட்டிக்கொண்டாள்.

“ரெண்டுலயும் அதே யூ. அங்க ஒரு மாதிரி, இங்க ஒரு மாதிரி. ஏமாத்து வேல மிஸ் இது!” பேனாவை வைத்துவிட்டாள். கண் கலங்கியிருந்தது.

“பம்பரம்னு சொல்லு பாப்போம்.”

“பம்பரம்.”

“மொத ப-வும் ரெண்டாவது ப-வும் ஒரே மாதிரியா சத்தம் வருது?”

மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். உதட்டைத் தொட்டுக்கொண்டு மறுபடியும் சொன்னாள். பிறகு சிரித்துவிட்டாள். “நம்ம தமிழும் இப்படித்தானா மிஸ்?” பேனாவைத் திரும்ப எடுத்தாள்.

4. உள்ளங்கை

தீபாவளிக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, கோமதி உள்ளங்கையில் பேனாவால் ஏதோ எழுதிக்கொண்டு வந்தாள்.

“மழையில கரண்ட் இல்லாம குழாய்ல தண்ணி சரியா வரல மிஸ். அப்பா பழைய சாமான் கடையில நீல பேரல் ஒண்ணு வாங்கியாந்தாரு. தண்ணி ஒரு மாதிரி வாடை அடிக்குது. பேரல்ல ஒட்டியிருந்ததப் பாத்து எழுதியாந்தேன். நாட், ஃபார், வாட்டர் படிச்சிட்டேன். நடுவுல ஒண்ணு வரல.”

கையைப் பார்த்தேன். சட்டென்று சொல்லத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டு, பின்பாதியை என் விரலால் மறைத்தேன். “இதுவரைக்கும் படி.”

“ட்... ட்ரி... ட்ரிங்க்.” நிமிர்ந்தாள். “கூல் ட்ரிங்க்ஸ்ல வர்ற ட்ரிங்க் மிஸ்!”

விரலை எடுத்தேன். ‘நாட் ஃபார் ட்ரிங்கிங் வாட்டர்’ என்று முழுதாகப் படித்தாள். படித்து முடித்ததும் முகம் மாறிவிட்டது.

“நாங்க குடிக்கிறதுக்கே அதுலதான் புடிச்சு வெச்சிருக்கோம்.”

என் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டாள். “அப்பா, அந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க. கீழ ஊத்திடுங்க. யாரும் சொல்லல, பேரல்லயே எழுதியிருக்கு. நான்தான் படிச்சேன்... ஆமா, நான்தான்.”

மறுநாள் காலை அவர் வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கு வந்தார். “எங்க கம்பெனியில எல்லா போர்டும் இங்கிலீஷ்லதான் டீச்சர் இருக்கு. எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். துணிக்கடை பேச்சை அதன்பிறகு அவர் எடுக்கவில்லை.

5. ரிசல்ட்

ஆங்கிலத்தில் கோமதி பாஸ். பெரிய மார்க் இல்லை, மயிரிழையில் தேறினாள். ஆனால் கணக்கில் ஃபெயில். பள்ளி அந்த வருடம் நூறு சதவீதத்தைத் தவறவிட்டது.

“உங்க சப்ஜெக்ட் தப்பிச்சிடுச்சு டீச்சர். கணக்கு காலை வாரிடுச்சு” என்றார் தலைமையாசிரியர். கோபமாகச் சொல்லவில்லை. துணைத்தேர்வுக்கு அவளைத் தயார் செய்யக் கணக்கு வாத்தியாரை அவரே உட்காரவைத்தார். எழுதினாள், தேறினாள், பிளஸ் ஒன் சேர்ந்தாள்.

நான் இப்போது சிதம்பரத்தில் வேறொரு பள்ளியில் இருக்கிறேன். ஜூன் மாதம் பாடத்தைத் தொடங்குவதில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர்கள் பார்த்தே இராத ஒரு பக்கத்தைப் படிக்கச் சொல்கிறேன். எல்லோரையும் முடிக்க வாரக்கணக்கில் ஆகிறது. போர்ஷன் பின்தங்குகிறது. அதற்குத் திட்டும் வாங்குகிறேன்.

புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு ஒன்று சொல்வேன். வகுப்பு மொத்தமும் கணீரென்று படிக்கும்போது சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அந்தச் சத்தத்துக்குள் யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடுங்கள். கண்டுபிடித்த பிறகு, யார் என்ன சொன்னாலும் விடாதீர்கள்.

இந்த வருடம் ஒன்பதாம் வகுப்பில் மூன்று பேர் அகப்பட்டிருக்கிறார்கள். நாளை மதியம் ஆரம்பிக்கிறோம்.