விருந்தாளிக்குக் கேன் தண்ணி

எனக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. உட்கார்ந்திருந்தால் இன்னும் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டிலேயே கிடந்திருப்பேன். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுக் குழாய் ரெஞ்சைக் கையில் பிடித்தவன் நான். இன்றைக்குக் கோத்தகிரிப் பக்கம் எந்தச் சரிவில் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று என்னைக் கேட்காமல் எவனும் மண்வெட்டியைத் தூக்குவதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான். ஆனாலும் உண்மை.

எங்கள் காலனி ஓடைக்கரையில் இருக்கிறது. குடிக்க, சமைக்க, எல்லாத்துக்கும் அந்த ஓடைதான். மேலே மேட்டில் ஒரு காட்டேஜ் கட்டினார்கள். அதிலிருந்து அங்கே தங்குகிறவர்கள் குளிக்கிற தண்ணீர், துவைக்கிற தண்ணீர், இன்னும் சொல்லக் கூசுகிற தண்ணீரெல்லாம் ஒரு குழாயில் வந்து ஓடையில் விழுகிறது. யாரோ கீழே இருந்து ஆள் கூட்டி வந்து போட்ட குழாய். நான் போட்டிருந்தால் குழி வெட்டி மண்ணுக்குள் விட்டிருப்பேன். காலனிப் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றி வயிற்றுப்போக்கு, உடம்பெல்லாம் அரிப்பு. மேலே போய்க் கேட்டால், "எங்க தண்ணிதான்னு எதை வெச்சுச் சொல்றீங்க?" என்பார் காட்டேஜ்காரர்.

இப்படி அடுத்தவன் அழுக்கைச் சுமக்கிற ஊர்க்காரர்கள் கையிலேயே நேராகப் பணம் கொடுக்கிற அமைப்பு ஒன்று சென்னையில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு, மனுப் போட வைத்தது நான்தான். எழுதியது பால்வாடி டீச்சர், சொன்னதெல்லாம் நான். தண்ணீர் வடிகட்டப் பெரிய தொட்டி ஒன்று வேணும், ரோட்டில் போகிறவன் நின்று பார்க்கிற மாதிரி. நேரில் பார்க்க வருகிறோம் என்று போன் வந்தது.

வருவதற்கு முந்தின நாள் வேலையாக மேட்டுப்பாளையம் போய்விட்டுச் சாயங்காலம் திரும்பினேன். ஓடையைப் பார்த்தேன். பளபளவென்று ஓடுகிறது. என் சம்சாரம் முன்னால் நிற்க, பெண்கள் எல்லாரும் தண்ணீரில் இறங்கிக் கல்லில் படிந்த வழவழப்பைத் தேய்த்து, நுரை தேங்குகிற மூலையை வாரிக் கொட்டி, கரையில் கோலம் வேறு போட்டிருந்தார்கள்.

"என்ன அம்மணி இது! அவங்க அழுக்கைப் பாக்கத்தான வர்றாங்க!"

"ஏனுங்க, வர்றவங்களுக்கு அழுக்கைக் காட்டறதுக்கு உங்களுக்கு வெக்கமா இல்லீங்களா? எங்களுக்கு இருக்குது."

வார நாள், சீசனும் இல்லை. மேலே ஆளே இருக்காது. நுரைக்கு நான் எங்கே போவேன்?

மறுநாள் காலை இரண்டு பேர் வந்தார்கள். முப்பத்தைந்து வயசு மதிக்கத்தக்க ஓர் அம்மா, குல்லாய் போட்ட ஒரு பெரியவர். பெரியவர் ஓடையைக் குனிந்து பார்த்தார். "தண்ணி நல்லாத்தானே இருக்கு?" என்றார்.

ஏதாவது அழுக்குக் கண்ணில் படும்வரை அவர்களைப் போகவிடக் கூடாது. பேச்சை வளர்த்தேன். நான் எப்படி முன்னுக்கு வந்தேன் என்று சொன்னேன், முட்டைக்கோஸ் காட்டைச் சுற்றிக் காட்டினேன், மறுபடி ஓடைக்கே கூட்டி வந்தேன். அந்தம்மா கைக்கடிகாரத்தைப் பார்த்தது.

"ராத்திரி எங்கம்மா தங்குனீங்க?"

"மேல இருக்கே, அந்தக் காட்டேஜ்லதான். பக்கத்துல தங்க வேற இடம் இல்ல."

எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. "காலையில குளிச்சீங்களா?" என்றேன்.

என் சம்சாரம் தலையில் அடித்துக்கொண்டது. "ஏனுங்க! பொம்பளைகிட்டக் கேக்கற கேள்வியா இது?"

"நான் குளிக்கலப்பா, இந்தக் குளிர்ல யார் குளிப்பா?" என்று பெரியவர் முந்திக்கொண்டார்.

"நான் தலைக்கே குளிச்சேன். ஏன்?" என்றது அந்தம்மா.

"அப்பக் கொஞ்சம் பொறுங்க. குளிச்ச தண்ணி அங்க ஒரு தொட்டியில நிரம்பித்தான் குழாய்ல வழியும்."

நின்றோம். நான் கரையில் மேலும் கீழும் நடந்தேன். பெண்கள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர் ஜீப்பைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்த நேரத்தில் கல் இடுக்கில் வெள்ளையாக ஒரு கொத்து நுரை வந்து சுழன்றது. பின்னாலேயே இன்னும். காட்டேஜில் கொடுக்கிற எலுமிச்சைப் புல் ஷாம்பு வாசம் காலனி முழுக்க அடித்தது. அந்தம்மா தன் தலைமுடியைத் தொட்டு முகர்ந்து பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

சம்சாரம் டீ கொண்டுவந்து நீட்டியது. அந்தம்மா டம்ளரை வாங்கிவிட்டு, "இந்தத் தண்ணியிலயா போட்டீங்க?" என்றது.

"ஐயோ, இல்லீங்க. கடையில கேன் வாங்கி வெச்சிருக்கோம், உங்களுக்காக."

"நீங்க?"

"எங்களுக்கு ஓடைதானுங்க."

அந்தம்மா டீயைக் குடிக்காமல் ரொம்ப நேரம் கையிலேயே வைத்திருந்தது.

பணம் வந்தது. ஆனால் தொட்டிக்கு இல்லை. "நீங்க வடிகட்டிக் குடிச்சா அவங்க குழாயை எதுக்கு மாத்தப் போறாங்க? அழுக்குப் பண்றவங்களே சரி பண்ணணும். அதுதானே நியாயம்?" என்று அந்தம்மா போனில் சொன்னது. தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பவும், மனு எழுத வக்கீல் வைக்கவும்தான் பணம். எனக்கு ஆறவில்லை. தொட்டி என்றால் கண்ணுக்குத் தெரியும். காகிதத்தை யாரிடம் காட்டிப் பெருமைப்படுவது? இருந்தாலும் பாட்டிலில் ஓடைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு கோயமுத்தூர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு பஸ் ஏறியவன் நான்தான். சென்னைக்காரர்கள் அனுப்பிய ஆளோடு ஒவ்வொரு தடவையும் போனேன். பஸ் வளைவில் திரும்பும்போதெல்லாம் பாட்டிலைப் பச்சைப் பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன்.

முடிவெல்லாம் மோசம் என்றே வந்தது. ஊட்டி ஆபீசுக்கு மனுப் போனது. போனதோடு சரி. காலையில் ஓடை, மத்தியானம் வக்கீல், சாயங்காலம் மறுபடி ஓடை என்று அலைந்தேன். "ஒரு நேரமாச்சும் உக்காந்து சோறு தின்னுங்க" என்று சம்சாரம் கத்தும்.

போன வாரம் ஊட்டியிலிருந்து அதிகாரிகள் மூன்று பேர் விசாரிக்க வந்தார்கள். அன்றைக்கு யாரும் ஓடையைத் தேய்க்கவில்லை, கோலமும் இல்லை. அவர்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, "காட்டேஜ்காரங்களையும் கேட்டுட்டு எழுதறோம்" என்றார்கள். சம்சாரம் ஆவி பறக்க டீ கொண்டுவந்தது.

"நல்ல மணமா இருக்கே. எந்தத் தண்ணிங்க?" என்றார் ஒருவர்.

"ஓடைத் தண்ணிதானுங்க. நல்லாக் கொதிக்க வெச்சிருக்கறன், பயப்படாமக் குடிங்க. எங்க புள்ளைங்க இதைத்தான் குடிக்குது."

கேன் இல்லையா என்று நான் கேட்க வாயெடுத்தேன். சம்சாரம் என்னைப் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். ஓடைத் தண்ணி என்று அது சொன்னதிலிருந்து ஒரு டம்ளரையும் எவரும் தொடவில்லை. ஆவி அடங்கியது. மேலே ஆடை படிந்தது. சம்சாரம் டம்ளர்களை எடுக்கவும் இல்லை, அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை.

கடைசியில் பெரிய அதிகாரி எழுந்தார். "அந்தக் குழாய் எங்க இருக்குன்னு யாராவது காட்ட முடியுமா?" என்றார்.

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் பாதி மேடு ஏறியிருந்தேன்.