நாலு போல்ட் கேட்ட மீரான் மேஸ்திரி

மீரான் மேஸ்திரி இறந்த செய்தியை, தொண்டியிலிருந்து பஸ் ஏறி வந்த அவருடைய மருமகன்தான் சொன்னார். "மாமா வெள்ளிக்கிழமை மௌத்தாயிட்டாக. அடக்கமும் முடிஞ்சிருச்சு. உங்களுக்குச் சொல்லச் சொல்லி அவுக சொல்லல. நானாத்தான் வந்தேன்."

அக்காள்மடத்தில் அரசு குடியிருப்பு கட்டியபோது அவருடன் வேலை பார்த்தவர்கள் சிலர் இன்னும் இருக்கிறீர்கள். உங்களுக்காகவே இதை எழுதுகிறேன். வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் பலகைகளை நிறுத்தி, போல்ட் போட்டு இணைத்தால் சுவர். அவர் மேஸ்திரி, நான் ஓவர்சியர். வரைபடத்தில் ஒரு மூட்டுக்கு நாலு போல்ட். காண்ட்ராக்டர் அனுப்பியது இரண்டு.

மீரான் வேலையை நிறுத்திவிட்டார். பர்மாவில் நிலநடுக்கத்தைப் பார்த்தவர் அவர். "அங்கன மில்லுச் சொவரு ஒடயல சார். மூட்டு விட்டு அப்படியே சாஞ்சிருச்சு" என்றார்.

எனக்கு மேலே இருந்த இன்ஜினியர் சிரித்தார். "இங்கன பூமி எங்கய்யா ஆடப் போகுது?"

"ஆட்டுறது பூமியா காத்தான்னு மூட்டுக்குத் தெரியுமா சார்?"

காலித் துளைகளைச் சிமெண்டால் அடைக்கச் சொன்னவன் நான். அவர் மாட்டேன் என்றார். வேறு ஆளை வைத்து அடைத்தேன்.

அடுத்த ஐப்பசிக் காற்றில் ஒரு வீட்டின் சுவர் மூட்டுவிட்டுச் சாய்ந்தது. சமைத்துக்கொண்டிருந்த சவேரியம்மாள் அதன் அடியில் இறந்தார். மேஸ்திரி போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்று விசாரணையில் எழுதினார்கள். அவர் முறுக்கியதைப் பார்த்தீர்களா என்று என்னைக் கேட்டார்கள். "நான் கவனிக்கவில்லை" என்றேன். மீரான் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன்பின் யாரும் அவரை வேலைக்குச் சேர்க்கவில்லை. தொண்டியில் சைக்கிள் பழுதுபார்த்துப் பிழைத்தார்.

சில வருஷங்கள் கழித்து மன்னிப்புக் கேட்கப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தார். நான் பேச்சை எடுத்ததும், "எங்கிட்ட எதுக்கு சார்? அந்தப் பொம்பள புருசன் நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டிருக்கான். அவன்கிட்டப் போய்ச் சொல்லுங்க" என்றார்.

அப்போது நான் போகவில்லை. அவர் இறந்த செய்தி கேட்டபிறகு, நேற்றுத்தான் போனேன். இரண்டு போல்ட் போட்டதையும் துளைகளை அடைத்ததையும் சவேரியம்மாளின் கணவரிடம் சொன்னேன்.

"இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே சார். சந்தைக்குள்ள, அத்தனை பேரு பாக்க, அந்த மனுசன் மொகத்துல துப்பிட்டேனே. தொடச்சுக்கிட்டுப் பேசாமப் போனாரு."

எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிற மீரான், இதை மட்டும் என்னிடம் சொன்னதில்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது, அவர் சொல்லாமல் விட்ட இதுதான்.