சுவரை அளக்காத கருவி

சுனாமி வந்த மறுமாதம் அது. பெரிய பூகம்பத்தில் நம் பக்கத்து நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று பார்க்க, கழுகுமலைக்குப் பக்கத்தில் முன்பு அளந்த அதே பாறையில் ஜி.பி.எஸ். கருவியை நிறுத்தினோம். செயற்கைக்கோளை வைத்து மில்லிமீட்டர் சுத்தமாக அளக்கும் வேலை. ஆடு முட்டினால் எல்லாம் வீண். அங்கே ஆடு மேய்த்த அக்காவிடம் சொன்னேன். வேலை முடியும்வரை அவர் ஒரு ஆட்டைக்கூடப் பாறைப் பக்கம் விடவில்லை.

கிளம்பும்போது தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். மண்சுவரில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு.

"பிள்ளையள சுவர் ஓரமாப் படுக்கப்போடப் பயமா இருக்கு அண்ணாச்சி. இதையும் அளந்து எழுதிக்கிட்டுப் போங்க."

"இது பூகம்பம் இல்லக்கா. கரிசல் மண்ணு மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த அசைவு எங்க கணக்குல சேந்துரக்கூடாதுன்னுதான் பாறையில வச்சோம்."

"நாங்க பாறையிலயா குடியிருக்கோம்?" என்றார்.

கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மறுவருடம் திரும்ப அளக்கப் போனேன். அந்தச் சுவர் இருந்த இடத்தில் சாக்குப் படுதா தொங்கியது. அக்கா பாறையடியில் ஆடுகளை விரட்டிக்கொண்டு நின்றார்.

"அளவு கெட்டுரக்கூடாதுல்லா அண்ணாச்சி?"

அளவு கெடவில்லை. மிகத் துல்லியம் என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு இன்றும் எனக்குக் கசக்கிறது.