ஜீப்புல மூணாக் கிழிச்ச நாவல்

எண்பதுகள்ல வந்த விண்வெளி மாத நாவல்ல ஒரு சமையல்கார ரோபோ வருமே, அதுக்குன்னு தனி வரிசை ஆரம்பிச்சாங்க. அந்த வரிசையோட முதல் நாவல் தேறுமா தேறாதான்னு இன்னைக்கு வாசகர் குழுவுல ஒரே சண்டை.

நாங்க அதை அந்தக் காலத்துல போடிமெட்டு மலை ஏறுற ஜீப்புல படிச்சோம். ஏலத்தோட்டத்துக்குப் போற மூணு பேருக்கு ஒரே புத்தகம். பொறுக்க மாட்டாம மூணாக் கிழிச்சுக்கிட்டோம்.

முதல் பாகம் படிச்ச முருகண்ணே, "சோறு பொங்குறதத் தவிர அதுக்கு வேற சோலியே இல்லப்பா"ன்னாரு.

நடுப்பாகம் எனக்கு. விழுந்து விழுந்து சிரிச்சேன்.

கடைசிப் பாகம் படிச்ச செல்வியக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "அது செத்ததைப் படிச்சிருந்தா இப்படிச் சிரிக்க மாட்டே"ன்னுச்சு. அந்தப் பாகத்தை எங்க ரெண்டு பேருக்கும் தரவே இல்ல.

இன்னைக்குக் குழுவுல "செம காமெடி"ன்னு போட்டேன். "முழுசாப் படிச்சீங்களா?"ன்னு ஒருத்தர் கேக்குறாரு.

படிச்சவங்க சொல்லுங்க. அது ஏன் செத்துச்சு?