பாராடாங்கில் கழற்றிய தகடு

அந்த இரண்டு பேரையும் அந்தமானுக்கு வரவழைத்தவன் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது.

தீவுகளுக்கிடையே ஓடும் கப்பல் ஒன்றில் இன்ஜின் அறை வேலை எனக்கு. வீடு போர்ட் பிளேரில், ஷாதிபூரில். எங்கள் தீவுகளில் ரயில் கிடையாது. ஒரு லீவில் மெயின்லேண்ட் போனபோது மேட்டுப்பாளையத்தில் மலை ரயிலின் நீராவி இன்ஜினைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். நாள் முழுக்க டீசல் இன்ஜினோடு கிடக்கிறவனுக்கு, பிஸ்டனும் ராடும் வெளியே தெரிய, வெந்நீர் சொட்டச் சொட்ட நிற்கும் அந்த மெஷின் பைத்தியம் பிடிக்க வைத்துவிட்டது. அப்புறம் எல்லா லீவும் அதற்கே போனது. "எல்லாரும் மெயின்லேண்டுக்குச் சொந்தக்காரங்களப் பாக்கப் போவாங்க. இவரு இன்ஜினப் பாக்கப் போறாரு" என்று என் மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அங்கேதான் ரயில் ரசிகர்களின் வாட்ஸாப் குழு ஒன்றில் சேர்ந்தேன். அதன் அட்மின் சென்னையில் வங்கி அதிகாரி. அவருடைய நிழல் மாதிரி ஒட்டிக்கொண்டே திரிபவர் கோயம்புத்தூர்ப் பல் டாக்டர். ரயில் கிளம்பியதும் ஜீப்பில் மலையேறி, அதற்கு முன்னால் ஒரு வளைவில் போய் நின்று படம் எடுப்பார்கள். முதல் தடவை நானும் கேமராவோடு ஓரடி முன்னால் போனேன்.

"யோவ் கப்பல், தள்ளுய்யா! ஃப்ரேம் பூரா உன் முதுகுதான் இருக்கு" என்று அத்தனை பேர் முன்னாலும் கத்தினார் அட்மின். எல்லாரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து என் பெயர் கப்பல். அடுத்த மூன்று பயணங்களிலும் எனக்குக் கொடுத்த வேலை, கீழே தனியாக நின்று ரயில் என்னைத் தாண்டியதும் மேலே இருப்பவர்களுக்கு போன் செய்வது. படம் எல்லாம் அவர்களுக்கு. பொறுத்துக்கொண்டேன். நீராவி இன்ஜினைப் பற்றிப் பேச எனக்கு வேறு ஆள் இல்லை.

அவர்கள் வாயை அடைக்க வேண்டும் என்றுதான் நான் எப்போதோ எடுத்து வைத்திருந்த ஒரு படத்தைக் குழுவில் போட்டேன். பாராடாங் தீவில் காட்டுக்குள், மரம் இழுக்க ஒரு காலத்தில் ஓடிய குட்டி நீராவி இன்ஜின். தண்டவாளம் போய்விட்டது. இன்ஜின் மட்டும் மண்ணில் பாதி புதைந்து நிற்கிறது. கேபின் வழியாக ஓர் ஆலமரம் வேர் இறக்கியிருக்கிறது. பக்கவாட்டில் முட்டை வடிவப் பித்தளைத் தகட்டில் செய்த கம்பெனியின் பெயரும் நம்பரும். குழுவே அதிர்ந்துபோனது. அடுத்த நிமிடம் அட்மின் போன் செய்தார். முதல் முறையாக என்னை "சார்" என்றார். எனக்கு அது இனித்தது. அந்த இனிப்புதான் என்னைக் கெடுத்தது.

அவரும் டாக்டரும் வந்து பார்ப்பதற்காக, காட்டுக்குள் போகும் அனுமதிக்கு நான் அலைந்தேன். தீ மூட்டக் கூடாது, எந்தப் பொருளையும் எடுக்கக் கூடாது என்று அந்தக் காகிதத்தில் இருந்தது. பொறுப்பாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

மச்சானின் ஜீப்பை வாங்கிக்கொண்டு விடியும் முன்பே இருவரையும் ஏற்றிக் கிளம்பினேன். பழங்குடிகளின் காட்டு வழியே குறித்த நேரங்களில் மட்டும், போலீஸ் காவலோடு வண்டிகள் வரிசையாகத்தான் போக வேண்டும். நிற்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. பாதி வழியில் அட்மின் மடியில் கேமரா ஏறியது.

"உள்ள வைங்க சார். இங்க மனுசங்க வாழுறாங்க. ஜெயில்ல போட்டுருவாங்க."

"சும்மா மரத்தத்தான்யா எடுக்கப் போறேன்."

"மரமும் வேணாம். பஸ், அவ்ளோதான்."

கேமராவைப் பைக்குள் வைத்துவிட்டு டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். டாக்டர் சிரித்தார். நான் இன்ஜின் அறைக்காரன். அவ்வளவு இங்கிலீஷ்கூடத் தெரியாதா எனக்கு? "டிரைவர்" என்ற வார்த்தை மட்டும் போதுமாக இருந்தது.

ஜீப்போடு ஃபெர்ரியில் பாராடாங்குக்குக் கடந்து, வண்டியை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் நடந்தோம். இன்ஜினைப் பார்த்ததும் டாக்டர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, "ஏனுங்க, இது சாமிங்க" என்றார். அந்த ஒரு நிமிடம் அவரை எனக்குப் பிடித்திருந்தது.

அட்மின் வேலையில் இறங்கினார். கொடிகளை வெட்டு, இலையை ஒதுக்கு, இந்தப் பக்கம் நில் என்று எனக்கு உத்தரவு மேல் உத்தரவு. பிறகு பையிலிருந்து தேங்காய் மட்டைகளை எடுத்து இன்ஜினின் நெருப்புப் பெட்டிக்குள் அடுக்கினார். வழியில் கடையில் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை.

"நெருப்பு வைக்கக் கூடாதுன்னு எழுதிக் கொடுத்திருக்கேன் சார்."

"இரும்புப் பெட்டிக்குள்ளதானய்யா எரியுது? ரெண்டே நிமிஷம்."

சொல்லிக்கொண்டே பற்றவைத்துவிட்டார். மட்டை ஈரம் என்பதால் புகைதான் கிளம்பியது. உள்ளே சுற்றிவிட்டுப் புகைபோக்கி வழியாக மெல்ல மேலே ஏறியது. செத்த இன்ஜின் புகை விட்டது. கோபத்தில் நின்ற நான், என்னை அறியாமல் கேமராவைத் தூக்கிப் படம் எடுத்தேன். நான் எடுத்ததில் ஆகச் சிறந்த படம் அது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை.

கையில் இருந்த தண்ணீரையெல்லாம் ஊற்றி நான்தான் நெருப்பை அணைத்தேன். ஓடைக்கு இரண்டு தடவை போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன். அவர்கள் இன்ஜின் பக்கத்திலேயே இருந்தார்கள்.

திரும்பிப் படகுத்துறைக்கு வந்து ஃபெர்ரிக்குக் காத்திருந்தபோது, டாக்டர் உற்சாகத்தில் கேமராத் திரையில் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். காலைப் படங்களில் தகடு இருந்தது. கடைசியில் எடுத்த படத்தில் அட்மின் இன்ஜின் மேல் கை போட்டு நிற்கிறார். அவர் தோளுக்குப் பின்னால், தகடு இருந்த இடத்தில், துருவுக்கு நடுவே முட்டை வடிவத்தில் ஒரு சுத்தமான தடம்.

டாக்டரின் விரல் நின்றுவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததுமே அவருக்கும் தெரியும் என்று புரிந்தது.

நான் ஜீப் சாவியை உருவிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். "தகடு வெளிய வரணும். வராம வண்டி நகராது."

"என்ன தகடு?" என்றார் அட்மின்.

"நான் தண்ணிக்குப் போனப்ப கழட்டினது."

"லூசு மாதிரிப் பேசாத. ஃபெர்ரி வருது பாரு."

"வரட்டும். இத விட்டா கடைசி வரிசையும் போயிடும். ராத்திரி இங்கதான். காலைல உங்க ஃப்ளைட். நல்லா யோசிங்க."

அவர் குரல் மாறியது. "இங்க பாரு, இங்கயே கெடந்தா மண்ணாப் போகும். எங்கிட்ட இருந்தா நூறு வருஷம் பத்திரமா இருக்கும். உன் பேரையும் போட்டே வைக்கிறேன்."

"மண்ணாப் போகட்டும். கையெழுத்துப் போட்டவன் நான்."

"ரயிலே இல்லாத ஊர்ல ஒக்காந்துகிட்டு இதப் பத்தி உனக்கு என்னய்யா தெரியும்?"

சட்டையைப் பிடித்துவிட்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் சட்டையைப் பிடித்தேன். படகுத்துறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அரே, க்யா ஹுவா?" என்ன நடந்தது என்று கேட்டபடி டிக்கெட் கொடுப்பவர் எழுந்து வந்தார். டாக்டர்தான் டிரைபாட் பையைத் திறந்து, டவலில் சுற்றியிருந்த தகட்டை எடுத்து என் காலடியில் வைத்தார். "கொடுத்துருங்க, போலாமுங்க" என்றார், யாரையும் பார்க்காமல்.

அந்த ஃபெர்ரியிலேயே ஏறி, கடைசி வரிசையில் போர்ட் பிளேர் வந்து சேர்ந்தோம். ஹோட்டல் வாசலில் இறங்கிய அட்மின் கதவை அறைந்து சாத்தினார். நான் வீடு வந்து சேருமுன் குழுவிலிருந்து என்னை நீக்கியிருந்தார்.

தகட்டைத் திருப்பிக் கொண்டுபோக அடுத்த ஓய்வு நாள்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை அது எங்கள் பீரோவில் புடவைகளுக்கு அடியில் இருந்தது. தினமும் ஒரு தடவை எடுத்துத் தடவிப் பார்த்தேன். ஒருநாள் என் மனைவி பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை.

"எப்பங்க திருப்பிக் கொடுக்கப் போறீங்க?" என்றாள். "இல்ல, கொடுக்கவே போறதில்லையா?"

தகட்டைப் புடவைகளுக்கு அடியில் தள்ளி பீரோவைச் சாத்தினேன். உண்மையைச் சொன்னால், பல வருடங்களுக்கு முன் அந்த இன்ஜினை முதலில் பார்த்த அன்றே, அந்தத் தகட்டின் போல்ட்டில் நானும் ஸ்பானர் வைத்துப் பார்த்தவன். அன்று அது அசையவில்லை. அவ்வளவுதான் எனக்கும் அந்த ஆளுக்கும் வித்தியாசம். அட்மினை நான் அவ்வளவு வெறுத்ததில் பாதி இதற்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த ஓய்வு நாளில் முதல் வரிசையிலேயே போனேன். போல்ட் முறிந்திருந்ததால் தகட்டை மாட்ட முடியவில்லை. காட்டு இலாகா கார்டு ஒருவரிடம் ஒப்படைத்தேன். அவர் தகட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிஸ்னே நிகாலா?" யார் கழற்றியது என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அந்த இரண்டு பேர் எங்கே என்று கேட்டார். மெயின்லேண்ட் போய்விட்டார்கள் என்றேன். அனுமதிக் காகிதத்தில் யார் பெயர் என்றார். என் பெயர் என்றேன். நெருப்பு மூட்டியது பற்றியும் மறைக்காமல் சொன்னேன். அவர் குரலை உயர்த்தவில்லை. எல்லாவற்றையும் எழுதிப் படித்துக்காட்டி, கீழே கையெழுத்து வாங்கினார். இனி உனக்கு அனுமதி கிடையாது என்றார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் என்னை நம்பியிருக்க மாட்டேன்.

சில வாரம் கழித்து டாக்டர் போன் செய்தார். விற்பதற்காகத் தகட்டை நான் பிடுங்கிக்கொண்டதாக அட்மின் எல்லாரிடமும் சொல்கிறாராம்.

"உங்களுக்கு உண்மை தெரியுமில்ல டாக்டர்? குழுவுல சொல்லுங்க."

"அவரு ரொம்ப நாள் பழக்கமுங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு, நம்பரையும் அழித்தேன்.